எனக்கு வாய் என் தங்கை

எழுத்தில் நான் பெரிய வாயாடி. இதைப் படித்துவிட்டு என்னைத் தேடி வருகிறவர் ஏமாந்துபோவார். நேரில் நான் வாயைத் திறந்தால் முதல் எழுத்து பல்லுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். தள்ளினாலும் நகராது. எதிரே இருப்பவர் முதலில் சிரிப்பார், பிறகு பரிதாபப்படுவார், பிறகு வேறு எங்காவது பார்ப்பார். அதற்குள் என் தங்கை நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்திருப்பாள்.

எனக்குத் திக்குவாய். எங்கள் வீட்டில் இந்தச் சொல்லுக்கு இடமில்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. எந்தப் படுக்கை விரிப்பில் என்ன கறை இருந்தது என்று சாப்பிடும்போதே கூசாமல் சொல்வாள். ஆனால் என் பேச்சைப் பற்றி யாராவது கேட்டால், "அவளுக்கு ஒண்ணுமில்ல, கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று பேச்சை முடித்துவிடுவாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே இருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே, நிதானமாக வேலை பார்ப்பார். உள்ளே சும்மா இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆனதில்லை, யாராவது அவசரப்பட்டுக் கையைப் பிடித்து வெளியே இழுத்தபோதுதான் விபத்து நடந்திருக்கிறது என்பார். அவ்வளவு பொறுமைசாலி, நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் மட்டும் நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்துபோய்விடுவார்.

என்னைவிட இரண்டு வயது சின்னவள் என் தங்கை. பட்டப்பெயர் ரேடியோ. பேசப் பழகிய நாளிலிருந்து எனக்கும் சேர்த்துப் பேசுகிறாள். கடையில் எனக்கு வேண்டியதைக் கேட்பது, டீச்சரிடம் நான் ஏன் வரவில்லை என்று சொல்வது, என்னைக் கேலி செய்தவனை அவன் அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டுவது, எல்லாம் அவள் இலாகா. எனக்கு வரும் போனை அவள்தான் எடுப்பாள். "ஆமா, நான்தான் பேசறேன்" என்று என் பெயரைச் சொல்லி ஆரம்பித்துவிடுவாள். என் பெயரை என்னைவிட அதிகமாகச் சொன்னது அவள்தான். எனக்கோ உலகத்திலேயே சொல்ல முடியாத சொல் அதுதான். ஒரு கூரியர் கம்பெனியில் புகார் கேட்கும் மேசையில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவாள். கல்லூரி, படிப்பு என்றால் மட்டும் காத தூரம் ஓடுவாள்.

கல்லூரி ஆசை பிடித்தது எனக்கு.

ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் நான் லென்ஸ் தேய்க்கிறேன். சன்னல் இல்லாத அறை. எந்திரத்தில் லென்ஸைப் பொருத்தினால் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓரம் தேய்ந்து, வெள்ளைக் குழம்பாக வழியும். மூக்கில் அந்த வாசனை எப்போதும் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி, "ஏம்மா, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்டார். பிறகு அவருக்கே விஷயம் புரிந்து, வாடிக்கையாளர் கண்ணில் படாமல் என்னைப் பின்னறையில் போட்டார். அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. தடித்த கண்ணாடி போட்டு மூக்குத் தழும்பேறிப்போன குழந்தைகளுக்கு மெல்லிய லென்ஸ் ஏன் கிடைப்பதில்லை என்று அங்கே உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தேன். புத்தகம் தேடிப் படித்தேன். கடல் தாண்டி ஒரு கல்லூரியில் லென்ஸ் வடிவமைப்புக்கென்றே ஒரு படிப்பு இருப்பது தெரிந்தது. விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். எழுதுவதில்தான் எனக்குத் திக்காதே.

இடம் கொடுத்தார்கள். கட்டணமே வேண்டாம் என்றார்கள். கட்டுரையைப் படித்த பேராசிரியை, உன்னைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன் என்று தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவர்கள் எழுதும் அந்தத் தேர்வில் நான்கு பகுதியிலும் குறைந்தபட்ச மதிப்பெண் வாங்க வேண்டும். படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது.

முதல் மூன்றும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. நாலாவதுதான் எனக்கு எமன். திரையில் ஒரு கேள்வி வரும். யோசிக்கக் கொஞ்ச நேரம். பிறகு ஒரு மணியோசை கேட்கும். ஒரு நிமிடம்கூட இல்லை, அதற்குள் மைக்கில் பேசி முடித்துவிட வேண்டும். ஒரு நிமிடத்தில் நான் என் பெயரின் முதல் எழுத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம்.

தேர்வு நடத்துகிறவர்களின் இணையதளத்தை மேய்ந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பேச்சில் சிரமம் இருப்பவர்கள் டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் கூடுதல் நேரம் உண்டாம். போனை அம்மா முன்னால் நீட்டினேன். ரேடியோ வாசித்து விளக்கினாள்.

அம்மா முகம் கறுத்துவிட்டது. "சான்றிதழா? உனக்கு என்னடி குறை? கூச்சப்படறதுக்கெல்லாம் டாக்டரா?"

"அம்மா, அவளுக்குத் திக்..." என்று ரேடியோ ஆரம்பித்தாள்.

"வாயை மூடு. ஊர்ல நாலு பேர் அப்படிச் சொன்னா கேட்டுட்டுப் போயிடலாம். நாமளே கையெழுத்து வாங்கிட்டு வந்து மாட்டிக்கணுமா? அப்புறம் காலத்துக்கும் அந்தப் பேர்தான்."

அப்பா எழுந்துபோய்விட்டார். என்னை டாக்டரிடம் கூட்டிப்போகக் கூடாது என்று ரேடியோவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள் அம்மா. கோபத்தில் எனக்குக் கண் இருட்டியது. என்ன பிரயோசனம்? கோபம் வந்தால் எனக்கு இன்னும் திக்கும்.

வேறு வழியில்லாமல் கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன். ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மின்விசிறி கடகடக்கும் ஒரே அறை. அதை நடத்திய சார் என் நிலைமையைப் பார்த்துக் கொஞ்சமும் கலங்கவில்லை. அவருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து.

"கேள்வி எதுவா வேணா இருக்கட்டும்மா. நகரம் நல்லதா கிராமம் நல்லதா, தனியா படிக்கறது நல்லதா கூட்டமா படிக்கறது நல்லதா, எல்லாத்துக்கும் பதில் ஒண்ணுதான். ஆரம்பம் இது, நடு இது, முடிவு இது. நடுவுல ரெண்டு சொல்லை மட்டும் மாத்திக்கோ. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சா போதும்."

பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து நாங்கள் ஆறு பேரும் அதைச் சேர்ந்து ஒப்பித்தோம். முதல் நாள் பாதியில்தான் எனக்கு உறைத்தது: நான் பேசிக்கொண்டிருக்கிறேன். தடையே இல்லாமல். என்னைப் போன்றவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். பாடினால் திக்காது, நாலு பேரோடு சேர்ந்து ஒரே சொல்லைச் சொன்னாலும் திக்காது. பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நானும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தேன். வளர்ந்த பிறகு சேர்ந்து ஒப்பிக்க யார் இருக்கிறார்கள்?

தேர்வு அறையில் வரிசையாகத் தடுப்புப் பலகைகள், கணினிகள், ஹெட்போன்கள். என் இரண்டு பக்கமும் கோச்சிங் சென்டர் ஆட்கள். பேச்சுப் பகுதியின் முதல் மணி ஒலித்தது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போது காதை மூடியிருந்த ஹெட்போன் பஞ்சையும் தாண்டி அந்த அறையே ஒப்பிக்கத் தொடங்கியது. சாருடைய அதே ஆரம்பம். இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருத்தி, பின்னால் மூன்று பேர். நான் ஓடுகிற பேருந்தில் தொற்றிக்கொள்வது போல அந்தக் குரல்களில் தொற்றிக்கொண்டேன். வந்தது. முழு வாக்கியமும் வந்தது.

கடைசிக் கேள்வி, நீங்கள் கற்றுக்கொள்ள விரும்பும் ஒரு விஷயம் என்ன என்பது. மற்றவர்கள் சாருடைய பதிலையே சொன்னார்கள். நானும் அவர்களோடுதான் ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் போனதும் எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. அவர்களை விட்டுவிட்டு, தடித்த கண்ணாடி போட்ட குழந்தைகளைப் பற்றிச் சொன்னேன். தேய்க்கும்போது வழியும் வெள்ளைக் குழம்பைப் பற்றிச் சொன்னேன். இரண்டு இடத்தில் சொல் தடுக்கியது, விழவில்லை. என் சொந்த நினைப்பை என் சொந்த வாயால் ஓர் அந்நியருக்குச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வெளியே வந்து தெருவோரம் நின்று அழுதேன். தோற்றுவிட்டேன் என்று நினைத்து, வெளியே காத்திருந்த ரேடியோ என்னைச் சமாதானப்படுத்தினாள். இல்லை, இது வேறு அழுகை என்று அவளுக்குப் புரியவைக்க நெடுநேரம் ஆனது.

முடிவு வர வேண்டிய நாளில் முடிவு வரவில்லை. ஒரு மின்னஞ்சல் வந்தது. முதல் மூன்று பகுதிக்கும் மதிப்பெண் வந்திருந்தது. மூன்றும் வேண்டிய அளவுக்கு மேலே. பேச்சுப் பகுதி மட்டும் நிறுத்திவைப்பு. ஒரே மையத்தில் தேர்வு எழுதிய ஆறு பேரின் பதில்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருப்பதால், அதிகாரி ஒருவர் ஒவ்வொருவரையும் போனில் அழைத்துச் சில கேள்விகள் கேட்பார். அந்த நேரத்தில் தேர்வு எழுதியவர் தனியாக இருக்க வேண்டும். எடுக்காவிட்டால் தேர்வு செல்லாது.

அன்று எங்கள் வீட்டில் மகாநாடு. சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு அம்மா தீர்ப்புச் சொன்னாள்: "இதுல யோசிக்க என்ன இருக்கு? எப்பவும் போல சின்னவ பேசட்டும். இங்கிலீஷ்ல அவளை அடிச்சுக்க ஆள் இல்ல."

"ந... ந... நா..." என்றேன் நான்.

"நானே பேசறேன்னு சொல்றா" என்றாள் ரேடியோ.

"போன்லயா? நீயா? விளையாடறியா?"

நான் மேசையைத் தட்டினேன். அப்பா நாற்காலியை நகர்த்தினார். வழக்கம்போல எழுந்துபோகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்தே இருந்தார். "அவளோட பரீட்சை. அவளே பேசட்டும்" என்றார். எனக்காக அவர் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். அம்மா பாத்திரத்தை டங்கென்று வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

ரேடியோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நான் சும்மா பக்கத்துல இருக்கேன். வாயே திறக்க மாட்டேன். உனக்குப் பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்கோ."

தனியாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள்தான். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

குறித்த நாளில் நானும் அவளும் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். பேச வேண்டியதை இரண்டு பேரும் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தோம். எனக்குத் திக்குவாய், தயவுசெய்து கொஞ்சம் காத்திருங்கள் என்பதுதான் நான் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம். அவளோடு சேர்ந்து சொன்னபோது வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது.

போன் அடித்தது. ஒரு பெண் குரல், வயதானது, அவசரம் இல்லாதது. வணக்கம் சொல்லிவிட்டு, முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டது.

அவ்வளவுதான். பெயரா? நான் தயார் செய்த வாக்கியம் பறந்துபோய்விட்டது. தாடை பூட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. காற்று உள்ளே நிற்கிறது, வெளியே வழி இல்லை. பக்கத்தில் ரேடியோவின் கை என் கைக்குள் வியர்த்தது. நான் முதல் எழுத்தை முட்டினேன். மறுபடி முட்டினேன். ஒரு விக்கல் போன்ற சத்தம் மட்டும் வந்தது. இந்த இடத்தில் எல்லோரும் ஹலோ ஹலோ என்பார்கள், இல்லாவிட்டால் வைத்துவிடுவார்கள்.

அந்தப் பெண் இரண்டும் செய்யவில்லை. "அவசரமில்லை. நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார்.

என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் யாரும் இல்லை. பெற்றவர்கள் சொன்னதில்லை. கேட்ட மாத்திரத்தில் என் தோள் தளர்ந்தது. தாடை இறங்கியது. முதல் எழுத்து அசைந்தது, சத்தியமாக அசைந்தது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போது ரேடியோ மேசைப் பக்கம் குனிந்து என் பெயரைச் சொன்னாள்.

பளிச்சென்று, முழுசாக, தினமும் சொல்கிற மாதிரி. தொடர்ந்து என் பதிவு எண்ணைச் சொன்னாள், பிறந்த தேதியைச் சொன்னாள், மன்னிக்கணும், இங்கே சிக்னல் சரியில்லை என்றாள். எல்லாம் ஒரே மூச்சில். வேண்டுமென்று செய்யவில்லை அவள். அவள் முகத்தைப் பார்த்தேன். சூடு பட்டால் கை தானாகப் பின்வாங்குமே, அதுபோல அவள் வாய் தானாகத் திறந்துவிட்டது. நான் திணறுவதை ஒரு கணத்துக்கு மேல் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. அவளை அப்படியேதான் வளர்த்தோம்.



"இதற்கு முன்னால் பேச முயன்றது யார்?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"நான்தான்" என்றாள் ரேடியோ.

"அவர் பக்கத்தில் இருக்கிறாரா? அவரிடம் போனைக் கொடுக்க முடியுமா?"

அப்போதாவது அவள் ஆமாம் என்றிருக்கலாம். ஆனால் மின்னஞ்சலில் தனியாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்ததே. அது அவளுக்கு நினைவு வந்துவிட்டது. "இங்கே வேறு யாரும் இல்லை. நான் மட்டும்தான்" என்றாள்.

அந்தப் பெண் ஒரு பெருமூச்சு விட்டார். பக்கத்தில் நான் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தவர் போல, என்னிடமே நிறுத்தி நிறுத்திப் பேசினார். உங்கள் கடைசிப் பதிலை நான் கேட்டேன், கண்ணாடி போட்ட குழந்தைகளைப் பற்றியது. அது யாரையும் பார்த்து ஒப்பித்தது அல்ல. பேசியவருக்குப் பேச்சில் சிரமம் இருக்கலாம் என்று அப்போதே குறித்துவைத்தேன். அதே குரலை இன்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், எவ்வளவு நேரமானாலும் காத்திருந்து கேட்டு, இதை முடித்துவைக்கலாம் என்றுதான் அழைத்தேன். இப்போது இரண்டாவது குரல் பதிவாகிவிட்டது. இனி என் கையில் ஒன்றும் இல்லை. வருந்துகிறேன் என்றார்.

நான் எழுந்துவிட்டேன். நான் இருக்கிறேன், இங்கேதான் இருக்கிறேன் என்று கத்த வாயைத் திறந்தேன். வாய் திறந்தே இருந்தது. தொடர்பு அறுந்த சத்தம்தான் கேட்டது.

திரும்ப அழைத்தால் அந்த எண்ணுக்குப் போகவில்லை. பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். பதில் நாலு வரியில் வந்தது. ஆள்மாறாட்டம் காரணமாகத் தேர்வு ரத்து. சில வருடங்களுக்கு மறுபடி எழுதத் தடை. நான் சேர இருந்த கல்லூரிக்கும் தகவல் கொடுக்கப்பட்டுவிட்டது. கல்லூரி இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பேராசிரியையிடமிருந்து இந்த முறை தனி வரி எதுவும் இல்லை. சாருடைய பதிலை வரி பிசகாமல் ஒப்பித்த மற்ற ஐந்து பேரும் போனில் ஏதோ உளறித் தேறிவிட்டார்கள். கோச்சிங் சென்டர் வாசலில் அவர்கள் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருக்கிறார் சார்.

அம்மா ஒரு நாள் சலவைக்கூடத்திலிருந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் நின்றாள். "அங்க ஒரு டாக்டரம்மாகிட்ட கேட்டேன். திக்குவாய்க்கு சர்டிபிகேட் உடனே தருவாங்களாம். வாங்கிட்டு வரட்டுமா?" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தேவிட்டது. நான் என் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.

ரேடியோ பாடுவதை நிறுத்திவிட்டாள். கூரியர் கம்பெனியில் மட்டும் பேசுகிறாள், வீட்டில் வாயைத் திறப்பதில்லை. எனக்கு வரும் போன் அடித்து அடித்து ஓய்கிறது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவளை நான் இன்னும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கருணையாலா? அதெல்லாம் இல்லை. திட்ட ஆரம்பித்தால் எங்கே சிக்குவேன் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கல்லூரியில் வகுப்பு தொடங்கிய நாளில் கடையிலிருந்து வந்தேன். நகக்கண்ணெல்லாம் வெள்ளைக் குழம்பு காய்ந்திருந்தது. உள் அறையில், அதே மேசையில், அவள் என் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். என் ஊதா நிறச் சட்டையின் கையை நீவி நீவி மடித்த அந்த அக்கறையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் அடக்கிவைத்தது மொத்தமும் நெஞ்சிலிருந்து கிளம்பியது. அவள் எதிரில் போய் நின்றேன்.

"நீ... நீ... நா... நா..."

கழுத்து நரம்பு புடைத்தது. தாடை பூட்டிக்கொண்டது. அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். கண் நிரம்பியது. பொறுத்துப் பார்த்தாள், பாவம், உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தாள். நான் இன்னும் அந்த எழுத்தையே முட்டிக்கொண்டிருந்தேன். அவளால் தாங்க முடியவில்லை.

"நாசமாப் போன்னு சொல்ல வர்றே. அதானே அக்கா?" என்றாள்.

அதையேதான் சொல்ல வந்தேன். அதையும் அவளே சொல்லிவிட்டாள்.